ஆண் என்றொரு வரலாறு – 11: நடுங்கும் கைகள்

1914 ஆகஸ்ட் 30 அன்று, இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரை நகரமான ஃபோக்ஸ்டோனில், ஓய்வுபெற்ற அட்மிரல் சார்லஸ் பென்ரோஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் முப்பது பெண்களைத் திரட்டி ஒரு வேலையைக் கொடுத்தார். சீருடை இல்லாமல் தெருவில் நடமாடும் இளைஞர்களைத் தேடிப் போக வேண்டும். நாலு பேர் பார்க்க, ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெள்ளை இறகைக் கொடுக்க வேண்டும்.

முதல் உலகப் போர் தொடங்கி நான்கு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

இறகின் பொருளை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சேவற்சண்டைக்காரர்களிடம் இருந்த பழைய நம்பிக்கை அது. வாலில் வெள்ளை இறகு உள்ள சேவல் நல்ல ஜாதி இல்லை, களத்தில் நிற்காமல் ஓடிவிடும் என்பார்கள். 1902இல் ஏ.இ.டபிள்யூ. மேசன் எழுதிய ‘நான்கு இறகுகள்’ நாவல் அந்த நம்பிக்கையை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. போருக்குப் போகாத கதைநாயகனுக்கு மூன்று நண்பர்கள் ஆளுக்கொரு இறகு அனுப்புகிறார்கள். நான்காவது இறகைத் தருபவள், அவன் மணக்கவிருந்த பெண்.

*

இந்த இறகு வந்து விழுந்த மண் எப்படிப் பண்பட்டிருந்தது என்பதைக் கடந்த வாரங்களில் பார்த்தோம். ரக்பி பள்ளியில் 1828 முதல் 1842 வரை தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டு, நல்லொழுக்கமே ஆண்மை என்றார். அவருடைய மாணவர் தாமஸ் ஹியூஸ் 1857இல் எழுதிய பள்ளிக்கூட நாவலில் அந்த ஒழுக்கம் விளையாட்டு மைதானத்துக்கு இடம் மாறியது. அடிபட்டால் அழாதவன் ஆண் என்றானது.

பிறகு வந்தது தென்னாப்பிரிக்கப் போர். படையில் சேர வந்த தொழிலாளர் வீட்டு இளைஞர்களில் ஏராளமானோர் உடல் தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இனமே தேய்ந்துவருகிறதோ என்ற அச்சத்தை 1904இல் ஓர் அரசுக் குழு ஆராய்ந்தது. அந்த அச்சத்துக்கு விடைபோல, 1908இல் பேடன்-பவல் சாரணர் இயக்கத்துக்கான கையேட்டை வெளியிட்டார். நாட்டுக்காக உடலைத் தயாராக வைத்திருப்பவன் ஆண் என்றானது.

1914இல் பதினெட்டு, இருபது வயதில் இருந்தவர்கள் இந்த மூன்று பாடங்களையும் படித்து வளர்ந்த தலைமுறை.

இறகும் வில்லையும்

ஃபோக்ஸ்டோனில் தொடங்கியது பல நகரங்களுக்குப் பரவியது. டிராம் வண்டிகளிலும் ரயில் நிலையங்களிலும் கடைவீதிகளிலும் இறகுகள் கைமாறின. அரசின் சுவரொட்டிகளும் அதே திசையில் பேசின. 1915இல் வெளிவந்த ஒன்றில் நடுவயதை நெருங்கும் ஒருவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் புத்தகத்தை விரித்து வைத்திருக்கும் மகள், பெரும் போரில் அப்பா என்ன செய்தார் என்று கேட்கிறாள். தரையில் மகன் பொம்மைச் சிப்பாய்களை அடுக்கி விளையாடுகிறான். தகப்பன் எதிரே வெறித்துப் பார்க்கிறார். சுவரொட்டி சொல்லும் காலம் போர் முடிந்த பிறகு வரப்போகும் காலம். பிறக்காத பிள்ளைகளைக் கொண்டு வெட்கப்படுத்தும் அளவுக்கு அந்தப் பிரசாரம் போயிருந்தது.

ஆண்மை என்பது ஒருவனுக்குள்ளேயே இருக்கும் குணம் என்றுதான் பள்ளிக்கூடங்கள் கற்பித்திருந்தன. தெருவில் நடந்தது வேறு. அதைத் தருபவர்களும் பறிப்பவர்களும் மற்றவர்கள். முன்பின் தெரியாத ஒரு பெண், ஒரு கணத்தில், ஓர் இறகைக் கொண்டு அதைப் பறித்துவிட முடிந்தது. பெண்களுக்கு ஓட்டுரிமைகூட இல்லாத நாடு, ஆண்களுக்குச் சான்று வழங்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்திருந்தது. இதைக் கவனிக்காமல் இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது.

விடுமுறையில் வந்து சாதாரண உடையில் இருந்த சிப்பாய்களும் இறகு பெற்றார்கள். காயம்பட்டுப் படையிலிருந்து அனுப்பப்பட்டவர்களும் பெற்றார்கள். கடைசியில் அரசே தலையிட வேண்டியதாயிற்று. 1916 செப்டம்பரில், காயத்தாலோ நோயாலோ விடுவிக்கப்பட்டவர்கள் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வெள்ளி வில்லை வழங்கப்பட்டது. இவர் தன் கடமையைச் செய்து முடித்தவர் என்று உலோகத்தில் பொறித்துக் காட்டினால்தான் தெருவில் நிம்மதியாக நடக்க முடியும் என்ற நிலை.

அதே ஆண்டு ஜனவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்திருந்தது. தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள் அதற்குள் ஏறத்தாழ 25 லட்சம்.

உட்கார்ந்திருக்கும் போர்

சேர்ந்தவர்கள் எதிர்பார்த்துப் போன போரும், அங்கே கண்ட போரும் வேறு வேறு.

பாய்ந்து செல்லும் குதிரை, நேருக்கு நேர் மோதல், எதிரியின் முகம் என்றுதான் புத்தகங்கள் சொல்லியிருந்தன. ஃபிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் மனிதன் மண்ணுக்குள் குழி வெட்டி உட்கார்ந்தான். சேறு, எலி, பேன், பிண நாற்றம். சில கிலோமீட்டர் தொலைவிலிருந்து பீரங்கிகள் சுட்டன. சுட்டவன் யாரென்று தெரியாது, சுடப்படுபவன் யாரென்று அவனுக்கும் தெரியாது. குண்டுவீச்சு சில சமயம் நாள்கணக்கில் நீடித்தது. அந்த நேரத்தில் ஒரு சிப்பாய் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. குழியின் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, அடுத்த குண்டு எங்கே விழும் என்று காதால் கணக்கிடலாம். அவ்வளவுதான்.

செயலில் இருக்கிறது ஆண்மை என்று வளர்க்கப்பட்டவனிடம் போர் கேட்டது, செயலற்று உட்கார்ந்திருப்பதை.

1914 இலையுதிர்காலத்திலேயே வினோதமான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். உடலில் கீறல்கூட இல்லை, ஆனால் பேச்சு இல்லை. கண் நன்றாக இருக்கிறது, பார்வை இல்லை. கால் ஒடியவில்லை, நடக்க முடியவில்லை. கைகள் ஓயாமல் நடுங்கின.

ஃபிரான்ஸின் லா டூகே என்ற கடலோர ஊரில் ஒரு சூதாட்ட விடுதி மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. அங்கே கேம்பிரிட்ஜ் உளவியலாளர் சார்லஸ் மையர்ஸ் இவர்களில் மூவரைக் கவனித்து எழுதினார். முதல் நோயாளி இருபது வயதுச் சிப்பாய். முள்கம்பி வேலியில் சிக்கிக்கொண்டு நகர முடியாமல் கிடந்தபோது சுற்றிலும் ஷெல் எனப்படும் பீரங்கிக் குண்டுகள் வெடித்தன. அதற்குப் பின் அவருக்குப் பார்வை மங்கியது, உடல் நடுக்கம் நிற்கவில்லை. மையர்ஸின் கட்டுரை 1915 பிப்ரவரி 13 அன்று ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. சிப்பாய்களிடையே புழங்கிய ஒரு சொல் அதன் வழியே மருத்துவ ஏட்டில் ஏறியது: ஷெல் ஷாக்.

இந்தச் சொல்லில் ஒரு பாதுகாப்பு இருந்தது. ஷெல் வெளியிலிருந்து வருவது. அது வெடித்து மூளை குலுங்கிவிட்டது என்றால் அது விபத்து, அடிபட்டவன்மேல் குற்றமில்லை. லண்டனில் நோய்க்கூறியல் அறிஞர் ஃபிரெடரிக் மாட் அந்த வழியில்தான் தேடினார். வெடிப்பின் அதிர்வில் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிதைந்திருக்கலாம், கார்பன் மோனாக்சைடு வாயு நரம்புகளைப் பாதித்திருக்கலாம் என்று கருதினார்.

ஆனால் ஷெல் வெடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே போகாதவர்களும் அதே அறிகுறிகளோடு வந்துகொண்டிருந்தார்கள்.

நோய்க்கும் படிநிலை

மருத்துவர்கள் அந்த அறிகுறிகளை ஏற்கெனவே பார்த்திருந்தார்கள், பெண்களிடம். திடீர்ப் பேச்சிழப்பு, காரணமில்லாத முடக்கம், வலிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஹிஸ்டீரியா என்று பெயர். கிரேக்க மொழியில் கருப்பை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. கருப்பை உள்ளவர்களுக்கே உரியது என்று நூற்றாண்டுகளாக நம்பப்பட்ட நோய், இப்போது துப்பாக்கி ஏந்திய ஆண்களிடம், ஆயிரக்கணக்கில்.

பெயரிடுவதில் வர்க்க வேறுபாடு புகுந்தது. சாதாரணச் சிப்பாய்க்கு வந்தால் ஹிஸ்டீரியா. அதிகாரிக்கு வந்தால் நியூரஸ்தீனியா, அதாவது அளவுக்கு மீறிய உழைப்பாலும் பொறுப்பாலும் நரம்புகள் களைத்துப்போன நிலை. (தமிழ்ச் சுவர் விளம்பரங்களில் வேறு பொருளில் புழங்கும் ‘நரம்புத் தளர்ச்சி’யோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.) முதல் பெயரில் பலவீனம் தொனித்தது. இரண்டாவதில் தியாகம் தொனித்தது.

அறிகுறிகளிலும் வேறுபாடு இருந்தது என்பது உண்மை. சிப்பாய்கள் ஊமையானார்கள், அதிகாரிகள் திக்கினார்கள். சிப்பாய்களுக்குக் கால் முடங்கியது, அதிகாரிகளைக் கெட்ட கனவுகள் துரத்தின. இந்த வேறுபாட்டுக்கு ஒரு மருத்துவர் பின்னால் விளக்கம் தேடினார். அவரிடம் வருவதற்கு முன் ராணுவம் செய்ததைப் பார்த்துவிட வேண்டும்.

ராணுவத்துக்கு வேண்டியிருந்தது ஒரு கோடு. குண்டுவெடிப்பை அடுத்து ஒருவர் நிலைகுலைந்தால் அவருடைய அறிக்கையில் ‘டபிள்யூ’ என்ற எழுத்து சேர்க்கப்படும். போர்க்காயம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது. அவர் காயம்பட்டவராகக் கருதப்படுவார், சட்டையின் இடது கையில் தங்க நிறக் காயப்பட்டையைத் தைத்துக்கொள்ளலாம். குண்டு வெடிக்காமல் நிலைகுலைந்தால் ‘எஸ்’. வெறும் நோய். எதிரியால் வந்ததல்ல. பட்டையும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை.

ஒரே கூடாரத்தில், ஒரே நடுக்கத்தோடு, பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் இருவர் படுத்திருப்பார்கள். ஓர் எழுத்து ஒருவரைக் காயம்பட்ட வீரராக்கியது, மற்றவரைச் சந்தேகத்துக்குரியவராக்கியது.

1916 ஜூலை 1. சோம் நதிக்கரைப் போர் தொடங்கிய அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 57,470 பேர் இழப்புக் கணக்கில் சேர்ந்தார்கள். அவர்களில் 19,240 பேர் இறந்தவர்கள். அந்த ஆண்டின் பிற்பாதியில் பதிவான ஷெல் ஷாக் நோயாளிகள் மட்டும் 16,000க்கு மேல். கோடு தாங்கவில்லை.

ஹாரி ஃபார்

மேற்கு யார்க்ஷயர் ரெஜிமென்ட்டின் முதலாவது பட்டாலியனில் சிப்பாய் ஹாரி ஃபார். போருக்கு முன்பே, 1908இல், படையில் சேர்ந்தவர். வயது 25. மனைவியும் சிறு பெண் குழந்தையும் இருந்தார்கள்.

1915 மே மாதம் ஷெல் ஷாக் என்று பூலோன் நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு ஐந்து மாதங்கள் அங்கே இருந்தார். அந்தக் காலத்தில் மனைவிக்கு வந்த கடிதங்களின் கையெழுத்து அவருடையதல்ல. அவர் சொல்லச் சொல்ல ஒரு செவிலியர் எழுதினார். பேனாவைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது.

குணமாகிவிட்டது என்று மறுபடி களத்துக்கு அனுப்பப்பட்டார். 1916 ஏப்ரலில் மறுபடி நிலைகுலைந்து இரண்டு வாரம் சிகிச்சை. ஜூலையில் மறுபடியும்.

செப்டம்பர் 17 அன்று சோம் களத்தில் தம்மால் முடியவில்லை என்றார். உடலில் காயம் இல்லாததால் சிகிச்சை இடத்தில் அவரை ஏற்கவில்லை. அன்று இரவு முன்வரிசைக்குப் போகும்படி உத்தரவு வந்தது. போக முடியாது, குண்டுச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை என்றார். இழுத்துப் போக முயன்றவர்களோடு திமிறினார், பின்னால் ஓடினார்.

அக்டோபர் 2 அன்று ராணுவ நீதிமன்றம் கூடியது. குற்றம், கோழைத்தனம். அவருக்காகப் பேச யாரும் இல்லை, தமக்காகத் தாமே பேசினார். அரை மணிக்கும் குறைவான நேரத்தில் விசாரணை முடிந்தது. சுற்றிலும் குண்டுச் சத்தம் இல்லாத இந்த ஓரிரு வாரத்தில் உடல்நிலை பற்றி ஏன் மருத்துவரிடம் போகவில்லை என்று அவரிடம் கேட்கப்பட்டது. சத்தத்தை விட்டு விலகியிருந்தால் நன்றாக இருக்கிறேன் என்பது அவர் தந்த பதில். நோயின் இயல்பையே சொல்லும் பதில் அது. நீதிமன்றத்தின் காதில் அது குற்ற ஒப்புதலாக விழுந்தது.

தலைமைத் தளபதி டக்ளஸ் ஹெய்க் தண்டனையை உறுதி செய்தார். அக்டோபர் 16 விடியற்காலையில் ஹாரி ஃபார் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மனைவிக்கு வந்த அரசுக் கடிதத்தில் மரணத்தின் காரணம் எழுதியிருந்தது. யார் கண்ணிலும் படாமல் அதை அவர் தம் சட்டைக்குள் செருகிக்கொண்டார். கோழையின் மனைவிக்கு ஓய்வூதியம் கிடையாது என்று உதவித்தொகையும் நின்றது. அந்தச் செய்தியைப் பல பத்தாண்டுகள் அவர் வெளியே சொல்லவில்லை. மகளுக்கே நடுத்தர வயதில்தான் உண்மை தெரிந்தது.

கோழைத்தனம், களத்தைவிட்டு ஓடுதல் முதலிய குற்றங்களுக்காக இப்படிச் சுடப்பட்டவர்களில் 306 பேருக்கு 2006இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் மன்னிப்பு வழங்கியது. அந்த 306 பேரில் அதிகாரிகள் இருவர் மட்டுமே.

இருட்டறை

சுடப்பட்டவர்கள் சிலர். மற்றவர்களை மீண்டும் ஆணாக்குவது மருத்துவத்தின் வேலையாயிற்று.

லண்டன் குவீன் ஸ்கொயரில் இருந்த நரம்பியல் மருத்துவமனையில் லூயிஸ் யெலண்டு என்ற மருத்துவர் பணியாற்றினார். தாம் சிகிச்சை அளித்தவர்களைப் பற்றி 1918இல் அவரே நூல் எழுதினார். வெட்கப்படுவதற்கு அதில் ஏதும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை என்பதால் எல்லாமே விவரமாகப் பதிவாகியிருக்கிறது.

அதில் வரும் ஒரு நோயாளிக்கு வயது 24. மோன்ஸ், மார்ன், ஈப்ரஸ், லூஸ் என்று போரின் தொடக்கம் முதல் ஒன்பது களங்களைக் கண்டவர். கடைசியாக அனுப்பப்பட்ட சலோனிகாவில் பேச்சை இழந்தார். ஒன்பது மாதமாக ஒரு சொல்லும் வரவில்லை. முன்பே பலர் முயன்றிருந்தார்கள். நாற்காலியில் கட்டிவைத்துக் கழுத்தில் மின்சாரம் பாய்ச்சினார்கள். நாக்கு நுனியில் எரியும் சிகரெட்டால் சுட்டார்கள்.

யெலண்டு அறையை இருட்டாக்கினார், கதவைப் பூட்டினார், சாவியைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். பேச்சு வரும்வரை இந்த அறையைவிட்டுப் போக முடியாது என்று சொல்லி, தொண்டைக்குள் மின்முனையை வைத்தார். இத்தனை போர்களைக் கண்ட வீரனுக்குத் தன்மேல் இதைவிடக் கட்டுப்பாடு இருக்க வேண்டாமா என்று இடையிடையே அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். சிப்பாய் கதவைத் தள்ளிப் பார்த்தார். தண்ணீர் கேட்டுச் சைகை செய்தார். கண்ணீர் வந்தது. நான்கு மணி நேரம் கழித்துப் பேச்சும் வந்தது. வெற்றி என்று பதிவாயிற்று.

அந்த அறையில் மின்சாரத்தைவிட அதிகமாகப் பயன்பட்ட கருவி, ஆண்மை என்ற சொல். ஒன்பது களங்களுக்குப் பிறகும் அவர் அதை நிரூபித்து முடித்திருக்கவில்லை.

நீலகிரியிலிருந்து எடின்பரோவுக்கு

வேறொரு வழியைத் தேடிய மருத்துவர் வில்லியம் ரிவர்ஸ். தமிழ் வாசகர்களுக்கு இவர் முற்றிலும் அந்நியர் அல்ல. 1901–02இல் நீலகிரியில் தங்கி, தோடர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து, 1906இல் பெருநூல் எழுதியவர் இவரே. அதற்கு முன் 1898இல் தோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழுவில் மையர்ஸும் அவரும் ஒன்றாகப் பணிபுரிந்தவர்கள்.

நீலகிரியில் ரிவர்ஸ் பதிவு செய்த வழக்கங்களில் ஒன்று இங்கே நினைவுகூரத் தக்கது. அன்றைய தோடர்களிடையே சகோதரர்கள் பலருக்கு ஒரே மனைவி இருப்பது இயல்பு. பிறக்கப்போகும் குழந்தைக்குத் தந்தை யார் என்பதைச் சடங்கு முடிவு செய்தது. கருவுற்ற ஏழாம் மாதத்தில், குச்சியாலும் புல்லாலும் செய்த சிறிய வில்லையும் அம்பையும் எந்த ஆண் அவளிடம் கொடுக்கிறானோ அவனே தந்தை. இங்கிலாந்தில் ஓர் இறகு செய்ததை நீலகிரியில் ஒரு வில் செய்தது. ஓர் ஆண் யார் என்பதை அவனுடைய சமூகம் ஒரு பொருளைக் கைமாற்றித் தீர்மானிக்கிறது. அதை நேரில் கண்டு எழுதியவர், தம் சொந்த நாட்டு ஆண்கள் எந்த விதிகளால் ஆக்கப்பட்டவர்கள் என்று பார்க்கத் தயாரானவராக 1916 அக்டோபரில் எடின்பரோவுக்கு அருகே உள்ள கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனைக்கு வந்தார் என்று கொள்ள இடமிருக்கிறது.

அது அதிகாரிகளுக்கு மட்டுமான மருத்துவமனை. பகலில் கோல்ஃப், நீச்சல், நோயாளிகளே நடத்திய ஒரு பத்திரிகை. இரவில் கெட்ட கனவுகள், அலறல்கள். ரிவர்ஸ் தாமே திக்குவாய் உள்ளவர். அவருடைய தந்தை, திக்குவாய்க்குச் சிகிச்சை அளித்தவர். வார்த்தை வெளியே வர மறுக்கும்போது ஒரு மனிதன் படும் பாட்டை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

மற்ற மருத்துவர்கள் அறிவுரை சொன்னது மறக்கும்படி. போரை நினைக்காதே, நல்லதையே நினை, ஆண்பிள்ளையாக இரு. ரிவர்ஸ் நேர்மாறாகச் சொன்னார்: நினையுங்கள், பேசுங்கள். 1917 டிசம்பரில் லண்டனில் ஆற்றிய உரையில் அவர் ஓர் இளம் அதிகாரியைப் பற்றிச் சொல்கிறார். நண்பரைத் தேடிப் போனவர், குண்டில் சிதறிய அவருடைய உடலைக் கண்டார். அதற்குப் பின் ஒவ்வோர் இரவும் சிதைந்த உருவில் நண்பர் கனவில் வந்தார். மறக்க முயன்றது அதிகாரியின் நிலையை மோசமாக்கியது. ரிவர்ஸ் அவரோடு அந்தக் காட்சியையே எடுத்துப் பேசினார். உடல் அந்த அளவு சிதறியிருந்தது என்றால் மரணம் நொடிப்பொழுதில் வந்திருக்கிறது, நண்பர் வலியால் துடிக்கவில்லை. அதிகாரியின் முகம் தெளிந்தது. பல இரவுகள் கனவு வரவில்லை. பிறகு ஒரு கனவில் அவர் நண்பரின் உடலருகே மண்டியிட்டு, அவருடைய உடைமைகளை ஒவ்வொன்றாக மெல்லக் கழற்றினார். துக்கத்தோடு விழித்தார். ஆனால் பயம் இல்லை.

எல்லாருக்கும் இது பலித்துவிடவில்லை. ஆறுதலாகச் சொல்ல எதுவுமே இல்லாத கொடுமையைக் கண்டவர்களும் இருந்தார்கள் என்று அதே உரையில் அவர் ஒப்புக்கொள்கிறார்.

சிப்பாய் ஊமையாவதும் அதிகாரி திக்குவதும் ஏன் என்ற கேள்விக்கு ரிவர்ஸ் தந்த விளக்கம் இந்தத் தொடரின் முந்தைய அத்தியாயங்களை நேராகத் தொடுகிறது. அதிகாரிகள் வந்தது பெரிய பள்ளிகளிலிருந்து. அங்கே பயத்தை அடக்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் பழக்கப்பட்டவர்கள். போதாததற்கு ஐம்பது பேரின் உயிர் அவர்கள் கையில். அந்த ஐம்பது பேரின் ஈரக் கால்களைத் தினமும் சோதித்து, சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது வரை அவர்கள் கடமை. பயந்த முகத்தைச் சிப்பாய்களிடம் காட்டக் கூடாது. அடக்கிய பயம் உள்ளேயே தங்கி இரவில் வெளிவந்தது. நடுங்கும் கைகளை ஆக்கியதில், அவற்றை நடுங்கவே விடாமல் வைத்திருந்த அந்தப் பயிற்சிக்கும் பங்கு இருந்தது.

பின்னர் விமானப்படையோடு பணியாற்றியபோது இன்னொன்றையும் அவர் கவனித்தார். தாமே விமானத்தை ஓட்டியவர்களைவிட, கயிற்றில் கட்டிய பலூனில் அசையாமல் தொங்கியபடி எதிரியை வேவு பார்த்தவர்களே கடுமையாக நிலைகுலைந்தார்கள். ஆபத்தின் அளவைவிட, கையைக் கட்டிக்கொண்டு ஆபத்துக்கு முன் இருப்பதுதான் மனிதனை உடைக்கிறது.

பதக்கம் பெற்ற நோயாளி

1917 ஜூலை 23. கிரெய்க்லாக்கார்ட்டுக்கு ஒரு புதிய நோயாளி வந்தார். லெஃப்டினன்ட் சீக்ஃபிரிட் சசூன். கவிஞர். வீரத்துக்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம் பெற்றவர். களத்தில் அவர் காட்டிய துணிச்சலைக் கண்டு சிப்பாய்கள் அவரைப் ‘பித்துப்பிடித்த ஜாக்’ என்று அழைத்தார்கள்.

அதற்குச் சற்று முன் அவர் ஓர் அறிக்கை எழுதியிருந்தார். தற்காப்புக்காகத் தொடங்கிய போர் ஆக்கிரமிப்புப் போராக மாறிவிட்டது, அதை நிறுத்தக்கூடியவர்களே வேண்டுமென்று நீட்டிக்கிறார்கள், இனி இதில் பங்கேற்க மாட்டேன் என்பது அதன் சாரம். ஜூலை 30 அன்று அது நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது.

ராணுவம் இக்கட்டில் மாட்டிக்கொண்டது. போருக்கு மறுப்பவன் கோழை என்பது விதி. மறுப்பவரோ வீரத்துக்குப் பதக்கம் பெற்றவர். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினால் நாடே கேட்கும். அவருடைய நண்பர், கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் இடையில் புகுந்து மருத்துவக் குழுவின் முன் அவரைப் போகச் செய்தார். குழு முடிவு செய்தது: அவருக்கு உடல்நலமில்லை, ஷெல் ஷாக்.

ஹாரி ஃபாரின் நடுக்கத்தை நோயென்று ஏற்காத அதே அமைப்பு, பத்து மாதங்களுக்குள், நடுங்காத கையோடு தெளிவாக எழுதிய ஒருவரை நோயாளி என்றது. ஆண்மையின் வரையறைக்குள் அடங்காத இருவரில் ஒருவர் கோழையாக்கப்பட்டார், மற்றவர் நோயாளியாக்கப்பட்டார். வரையறை மட்டும் அப்படியே நின்றது.

ரிவர்ஸ் வாரம் மூன்று முறை சசூனோடு உட்கார்ந்து பேசினார். அவரிடம் நோய் எதையும் காணவில்லை. ஆனால் ராணுவ மருத்துவரின் வேலை, வந்தவரைத் திருப்பி அனுப்புவது. அதே மருத்துவமனையில் ஆகஸ்ட் மாதம் இன்னோர் இளம் அதிகாரி தயங்கித் தயங்கிச் சசூனின் அறைக் கதவைத் தட்டினார். நோயாளிகளின் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்த அவர் பெயர் வில்ஃபிரட் ஓவன். குண்டில் தூக்கியெறியப்பட்டு, சக அதிகாரியின் சிதறிய உடலுக்கருகே நாள்கணக்கில் கிடந்துவிட்டு வந்தவர். அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்த கவிதைகள் பின்னாளில் ஆங்கிலப் பள்ளிகளில் பாடமாயின.

நவம்பர் 26 அன்று சசூன் களத்துக்குத் தகுதியானவர் என்று மருத்துவக் குழு முடிவு செய்தது. அவரே அதை விரும்பினார். போரைப் பற்றிய கருத்து மாறவில்லை. தாம் பாதுகாப்பாக இருக்க, தம் சிப்பாய்கள் செத்துக்கொண்டிருப்பதைத் தாங்க முடியவில்லை. ஓவனும் திரும்பிப் போனார். 1918 அக்டோபரில் காட்டிய வீரத்துக்காக அவருக்கும் மிலிட்டரி கிராஸ் வழங்கப்பட்டது. நவம்பர் 4 அன்று வடஃபிரான்ஸில் ஒரு கால்வாயைக் கடக்கும் முயற்சியில் கொல்லப்பட்டார். ஏழு நாள் கழித்து, ஷ்ரூஸ்பரியில் போர் முடிந்ததற்கான மணிகள் ஒலித்துக்கொண்டிருந்தபோது, பெற்றோர் வீட்டுக்குத் தந்தி வந்தது.

*

போர் முடிந்தது, நடுக்கம் முடியவில்லை. 1921இல் நரம்புக் கோளாறுக்காக ஓய்வூதியம் பெற்ற முன்னாள் சிப்பாய்கள் சுமார் 65,000 பேர். சுடப்பட்டவர்களின் வீடுகளில் அவர்கள் பெயரை யாரும் உரக்கச் சொல்லவில்லை.

1920 ஏப்ரலில் சவுத்பரோ பிரபு நாடாளுமன்றத்தின் மேலவையில் எழுந்து விசாரணை கோரினார். அரசு அவர் தலைமையிலேயே ஒரு குழுவை அமைத்தது. தளபதிகளும் மருத்துவர்களும் களத்தில் இருந்த அதிகாரிகளும் சாட்சி சொல்ல வந்தார்கள். ரிவர்ஸ் வந்தார். அந்தச் சொல்லை மருத்துவ ஏட்டில் ஏற்றிய மையர்ஸ் வர மறுத்துவிட்டார். அந்த ஆண்டுகளை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவருவது அவருக்கே தாங்க முடியாததாக இருந்தது.

குழுவின் மேசைமேல் ஒரு கேள்வி வைக்கப்பட்டிருந்தது. இனி இன்னொரு போர் வந்தால், உத்தரவுக்கு உடன்படாமல் நடுங்கி நிற்கும் ஒருவனைப் பார்த்து இவன் கோழை, இவன் நோயாளி என்று பிரிக்கும் கோட்டை எங்கே போடுவது? அந்தக் கோட்டைப் போட வேண்டியவர் மருத்துவரா, தளபதியா?

(தொடரும்)